இரண்டாம் சுற்றில் இடதுசாரியின் வாக்கு

பிரான்சின் சனாதிபதித் தேர்தலில் முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால், முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் மட்டும் பதினான்கு நாட்களுக்குப் பின் நேருக்கு நேர் மோதுவார்கள். இந்த நூற்றாண்டில் இதுவரை நடந்த ஐந்து தேர்தல்களில், இறுதிச் சுற்றன்று தன் தரப்பு வேட்பாளரின் வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும் வாய்ப்பு இடதுசாரி வாக்காளருக்கு 2007இலும் 2012இலும் மட்டுமே கிடைத்தது. (2012இல் வென்ற பிரான்சுவா ஒல்லாந்தை ‘தன் தரப்பு’ என்று எழுதியதற்கே, அவருடைய அரசு 2016இல் கொண்டுவந்த தொழிற்சட்டத்தை மறக்காத நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.) மற்ற மூன்று தடவைகளும், அதாவது 2002, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில், ஒரு பக்கம் தீவிர வலதுசாரியான லெ பென் குடும்பத்தில் ஒருவர் நின்றார். மறுபக்கம் நின்றவரோ, ஓய்வூதியத்திலும் வரியிலும் தொழிலாளர் உரிமையிலும் இடதுசாரிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடிய ஒரு மிதவாதி.

அப்படிப்பட்ட நாளில் முற்போக்கு வாக்காளர் என்ன செய்ய வேண்டும் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர்களோடு விவாதித்து வருகிறேன். மிதவாதிக்கு வாக்களிக்க வேண்டும் என்பதே என் விடை. ஆனால் அந்த வாக்கைப் பற்றி எங்கள் தரப்பில் நிலவும் இரண்டு நம்பிக்கைகளை நான் ஏற்பதில்லை. அதைக் காட்டிப் பெரிதாகப் பேரம் பேசலாம் என்பது ஒன்று. வென்றவர் நன்றிக்கடனாக எதையேனும் திருப்பித் தருவார் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் கைவிட்ட பிறகும் அந்த வாக்கை இடுவதற்குக் காரணம் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி.

2002இல் எனக்கு வாக்குரிமை இருக்கவில்லை. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் பத்தாண்டு வதிவிட அட்டையோடு, மற்றவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். வாரத்துக்கு 35 மணிநேர வேலை, ஏழைகளுக்கான முழு மருத்துவக் காப்பீடு, ஒருபாலினத்தவருக்கும் உரிய இணைவாழ்வு ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்டுவந்த பிரதமர் லியோனெல் ஜோஸ்பன் இறுதிச் சுற்றுக்கு எப்படியும் வந்துவிடுவார் என்ற எண்ணத்தில், இடதுசாரிகள் அந்த ஏப்ரல் 21 அன்று தத்தம் மனதுக்கு நெருக்கமானவர்களுக்கு வாக்களித்தார்கள். மொத்தம் பதினாறு வேட்பாளர்கள். ட்ரொட்ஸ்கியவாதிகள் மூவர் மட்டுமே சேர்ந்து பத்து விழுக்காட்டைத் தாண்டினார்கள். பசுமைக் கட்சியும் ஷெவன்மோவும் தலா ஐந்து விழுக்காட்டுக்கு மேலும், கிறிஸ்தியான் தொபிரா 2.32 விழுக்காடும் எடுத்தார்கள். ஜோஸ்பனுக்குக் கிடைத்தது 16.18 விழுக்காடு, ஜான்-மரி லெ பென்னுக்கு 16.86. இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில், நாத்சிகளின் நச்சுவாயு அறைகளை வரலாற்றின் ஒரு ‘சிறு விபரம்’ என்று 1987இல் சொன்ன மனிதர் இறுதிச் சுற்றில் நின்றார்.

மே முதலாம் தேதி நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீதியில் இறங்கினார்கள். பாரிஸ் ஊர்வலத்தில் நானும் போயிருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வாக்களிப்போம் என்பதற்கு அடையாளமாகத் துணி உலர்த்தும் கவ்விகளைப் பலர் சட்டையில் மாட்டியிருந்தார்கள். நிதி ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகியிருந்த ஜாக் சிராக்குக்கு, முதற்சுற்றில் இருபது விழுக்காட்டைக்கூட எட்டாத அந்த மனிதருக்கு, மே 5 அன்று 82.21 விழுக்காடு கிடைத்தது. அதன்பின் அவர் அமைத்த அரசில் இடதுசாரி அமைச்சர் ஒருவர்கூட இல்லை. அடுத்த மாதமே தம் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை பெற்றுக்கொண்டு, 2003இல் அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கான பங்களிப்பு ஆண்டுகளை உயர்த்தும் சட்டத்தை நிறைவேற்றினார். ஈராக் போரை அவர் எதிர்த்ததை நான் மறக்கவில்லை. அதை இடதுசாரி வாக்குகளுக்கான கைம்மாறு என்று எவரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

சிராக்கின் நன்றியின்மையைக் குறை கூறுவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு பேர் மட்டுமே நிற்கும் சுற்றில், எனக்குப் போக வேறு இடமில்லை என்பது எனக்குத் தெரிவதைப் போலவே அவருக்கும் தெரியும். அந்த நிலையில் அவர் எனக்கு எதையும் விட்டுத்தர வேண்டிய தேவை மிகக் குறைவு. ‘நாங்கள் வீட்டில் இருந்துவிடுவோம்’ என்ற மிரட்டலும் அவரைவிட வேறு சிலரைத்தான் முதலில் தாக்கும். அவர்கள், அன்றைய என்னைப் போல, அட்டையோடு வாழ்கிற, வாக்கில்லாத மனிதர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உள்ளூராட்சித் தேர்தலிலாவது வாக்குரிமை தரப்படும் என்று மித்தெரான் 1981இல் வாக்குறுதி அளித்தார். ஒல்லாந்தும் 2012இல் அளித்தார். இன்றுவரை அது நடக்கவில்லை. எங்கள் இடதுசாரிகளே நிறைவேற்றாத வாக்குறுதி அது என்பதை, மிதவாதிகளின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது இடைக்கிடை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

பேரத்தால் ஒன்றுமே கிடைக்காது என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. 2022 முதற்சுற்றில் எம்மானுவல் மக்ரோன் 27.85 விழுக்காடும், மரின் லெ பென் 23.15 விழுக்காடும், இடதுசாரியான ஜான்-லுக் மெலன்ஷோன் 21.95 விழுக்காடும் பெற்றார்கள். ஏறக்குறைய 77 இலட்சம் மெலன்ஷோன் வாக்காளர்கள் என்ன செய்வார்கள் என்பதே அடுத்த பதினான்கு நாட்களின் பேச்சாக இருந்தது. அந்த இடைவெளியில் மக்ரோன் இரண்டு அடி நகர்ந்தார். ஓய்வுபெறும் வயதை 65 ஆக்குவேன் என்று சொல்லிவந்தவர் 64இலும் நிற்கலாம் என்றார். மார்சேய் நகரில் பேசும்போது, சூழலியல் திட்டமிடலை நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் வைப்பேன் என்றார். வென்ற பிறகு எலிசபெத் போர்ன் அந்தப் பொறுப்போடுதான் பிரதமரானார். ஓய்வு வயது 64 என்பதையும் அவரே சட்டமாக்கினார். ஓய்வு வயதைப் பொறுத்தவரை, 77 இலட்சம் வாக்குகளின் எடை ஓராண்டுக் குறைப்பாக இருந்தது.

அந்த வெற்றி இரவில், ஈபிள் கோபுரத்தின் அடியில் நின்று, பலர் தம் கருத்துகளை ஏற்று வாக்களிக்கவில்லை, தீவிர வலதுசாரிகளைத் தடுக்கவே வாக்களித்தார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றும், அந்த வாக்கு வரும் ஆண்டுகளில் தம்மைக் கடமைப்படுத்துகிறது என்றும் மக்ரோன் சொன்னார். 2023 மார்ச் 16 அன்று, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுதியில்லாததால், வாக்கெடுப்பின்றிச் சட்டத்தை நிறைவேற்ற இடமளிக்கும் அரசியலமைப்பின் 49ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவைப் பயன்படுத்தி ஓய்வூதியச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை ஒன்பது வாக்குகளால் தோற்றது. அந்த வசந்த காலம் முழுவதும் எட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் ஒன்றாக நின்று ஊர்வலம் நடத்தின. ‘கடமைப்படுத்துகிறது’ என்ற அந்தச் சொல்லை அட்டையில் எழுதிப் பிடித்தபடி வந்தவர்களை அங்கே கண்டேன்.

என் மகள் முதன்முதலாக வாக்களித்தது அந்த 2022 தேர்தலில்தான். சுற்றுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் சோர்போன் பல்கலைக்கழகக் கட்டடத்தை மாணவர்கள் ஆக்கிரமித்து ‘மக்ரோனும் வேண்டாம், லெ பென்னும் வேண்டாம்’ என்றபோது, அவள் மனமும் அங்கேதான் இருந்தது. நான் வழக்கமான நியாயங்களை எடுத்துச் சொன்னேன். “அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இதையேதான் சொல்லுறீங்கள் அப்பா. அடுத்த முறையும் இதையேதான் சொல்லுவீங்கள்,” என்றாள். ஏப்ரல் 24 அன்று அவள் வெற்றுச்சீட்டைத்தான் உறையில் இட்டாள்.

அவளுடைய வாதத்துக்கு எண்கள் துணை நிற்கின்றன. தடுப்பணையாக நின்றவருக்குக் கிடைத்தது 2002இல் 82, 2017இல் 66, 2022இல் 58.55 விழுக்காடு. எதிர்ப்பக்கம் 2002இல் 55 இலட்சமாக இருந்த வாக்கு, 2022இல் ஒரு கோடியே 32 இலட்சத்தைத் தாண்டியது. 2017இல் மட்டும் வெற்றுச்சீட்டும் செல்லாச் சீட்டுமாக நாற்பது இலட்சத்துக்கு மேல் விழுந்தன; வெற்றுச்சீட்டுகளைத் தனியாக எண்ணுகிறார்களே தவிர, அவை முடிவை மாற்றுவதில்லை. ஒவ்வொரு முறையும் அணை கட்டியும் நீர்மட்டம் ஏறுகிறது என்றால், அணையைத்தானே சந்தேகிக்க வேண்டும்?

இதற்கு நான் கொடுக்கும் பதில் அவளைத் திருப்திப்படுத்தியதில்லை, ஆனாலும் அதையே இங்கும் எழுதுகிறேன். தீவிர வலதுசாரிகள் வளர்ந்தது இடதுசாரிகள் சிராக்குக்கும் மக்ரோனுக்கும் வாக்களித்ததால் அன்று. மூடப்பட்ட தொழிற்சாலைகள், தொடருந்து நிற்காத ஊர்கள், வைத்தியர் இல்லாத மாவட்டங்கள், 2017இல் செல்வ வரியை நீக்கிய அதே பருவத்தில் வாடகை உதவித்தொகையில் ஐந்து யூரோவைக் குறைத்த அரசு ஆகியவற்றின் நடுவே அவர்கள் வளர்ந்தார்கள். இவற்றை இரண்டாம் சுற்று வாக்குச்சீட்டால் திருத்த முடியாது என்பது உண்மை. வெற்றுச்சீட்டாலும் முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் தீர்மானிக்கப்படுவது ஒன்றே: அடுத்த ஐந்தாண்டுகள் எந்த எதிரியோடு மோதப் போகிறோம் என்பது. அதை அற்பமென்று நினைப்பவர்கள், மரின் லெ பென் 2022இல் முன்வைத்த திட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

வேலையிலும் அரசாங்க வீடுகளிலும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு முன்னுரிமை, பிறப்பிடத்தால் வரும் குடியுரிமையை ஒழிப்பது ஆகியவற்றை ஒரே பொதுவாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்புக்குள் நுழைப்பது அவருடைய திட்டம். அகதிக் கோரிக்கைகளை நாட்டுக்கு வெளியே, தூதரகங்களில்தான் ஏற்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எங்களில் பெரும்பாலானோர் எப்படி இங்கு வந்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தொண்ணூறுகளில் கொழும்பில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையைக் காட்டி நடந்த ஒரு யாழ்ப்பாண இளைஞன், பிரெஞ்சுத் தூதரக வாசலில் வரிசையில் நின்று பாதுகாப்புக் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு மறுப்பாக என் மகள் 2023 டிசம்பரை எடுத்துக் காட்டுவாள். அது வலுவான மறுப்பு. மக்ரோனின் அரசு கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், வலதுசாரிகளைத் திருப்திப்படுத்துவதற்காகக் கடுமையாக்கப்பட்டு, டிசம்பர் 19 அன்று 349 வாக்குகளால் நிறைவேறியது. லெ பென்னின் 88 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். தம் கருத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அவர் கொண்டாடினார். பிள்ளைகளுக்கான உதவித்தொகை உள்ளிட்ட சில சலுகைகளுக்கு, வேலையில் இல்லாத வெளிநாட்டவர் ஐந்து ஆண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி அதற்குள் இருந்தது. தீவிர வலதுசாரிகளின் ‘தேசிய முன்னுரிமை’தான் அது, மிதவாதியின் கையெழுத்தோடு வந்தது. யாரைத் தடுக்க வாக்களித்தோமோ அவர்களின் சட்டத்தை, யாருக்கு வாக்களித்தோமோ அவரே கொண்டுவந்தார்.

கதை அங்கே முடியவில்லை. மக்ரோனின் அணியிலேயே ஐம்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் எதிர்த்தோ நடுநிலை வகித்தோ நின்றார்கள். சுகாதார அமைச்சர் பதவி விலகினார். 2024 சனவரி 25 அன்று அரசியலமைப்பு மன்றம் அந்தச் சட்டத்தின் 86 பிரிவுகளில் 35ஐ முழுமையாகவோ பகுதியாகவோ நீக்கியது. மேற்சொன்ன ஐந்தாண்டு விதியும் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. பெரும்பாலானவை நடைமுறைக் காரணங்களுக்காகவே நீக்கப்பட்டன, மனித உரிமைக்காக அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் மன்றம் தீர்ப்பளித்தது, அரசு பணிந்தது. பொதுவாக்கெடுப்பு மூலம் அரசியலமைப்பையே மாற்றப் போவதாகச் சொன்ன ஒருவர் சனாதிபதியின் எலிசே மாளிகையில் இருந்திருந்தால், அந்த விதிக்கு எதிராக முறையிடுவதற்கே இடமிருந்திருக்காது. மிதவாதியிடமிருந்து நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: நான் அவரோடு சண்டையிடுவதற்கான களத்தை அவர் இடித்துவிடாமல் இருக்க வேண்டும். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை.

இந்த எண்ணம் எனக்குப் பிரான்சில் மட்டும் உருவானதன்று. ஊரிலிருந்த எங்கள் உறவினர்கள் 2010இல் சரத் பொன்சேகாவுக்கு, போரை நடத்திய அந்த இராணுவத் தளபதிக்கு, வாக்களித்தார்கள்; அவர் தோற்றார். 2015 சனவரியில் மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தார்கள். சில வாரங்கள் முன்புவரை மகிந்த ராஜபக்சவின் அமைச்சரவையில் இருந்த அவரைத் தமிழர்களின் நண்பர் என்று எவரும் நம்பவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அவருக்கு 74 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது, நாடளவில் 51.28 விழுக்காட்டோடு வென்றார். வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்துவைத்திருந்த காணிகளில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் சனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. புதிய அரசியலமைப்பு வரவேயில்லை. 2018 அக்டோபரில், யாரைத் தோற்கடிக்க மக்கள் வாக்களித்தார்களோ அந்த மகிந்தவையே சிறிசேன பிரதமராக்கினார். சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தது சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் டிசம்பரில் தீர்ப்பளித்தது. கலைப்பதற்கான அதிகாரத்தை மட்டுப்படுத்தியிருந்தது அதே 19ஆவது திருத்தம். ஆளிடமிருந்து ஒன்றும் கிடைக்காத இடத்தில், அவருடைய ஆட்சியில் உருவான சட்டம் உதவியது. (2005ஐச் சிலர் இந்த விவாதத்தில் இழுப்பார்கள். விடுதலைப் புலிகள் திணித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு 1.21 விழுக்காடாக இருந்த அந்தத் தேர்தலில், வாக்களிப்பதா வேண்டாமா என்று மக்கள் தாமாகத் தீர்மானிக்கவில்லை. ஆகவே அது இந்தக் கேள்விக்குச் சான்றாகாது.)

2024 கோடையில் நடந்தது இவை எல்லாவற்றையும் விடக் கூர்மையான சோதனை. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லெ பென்னின் கட்சியான தேசியப் பேரணி 31 விழுக்காட்டோடு முன்னே வந்த அன்றிரவே, ஜூன் 9 அன்று, மக்ரோன் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையைக் கலைத்தார். சில நாட்களுக்குள் இடதுசாரிக் கட்சிகள் புதிய மக்கள் முன்னணியாக ஒன்றுசேர்ந்தன. ஜூன் 30 முதற்சுற்றில் தேசியப் பேரணியும் அதன் கூட்டாளிகளும் 33 விழுக்காட்டை எடுத்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் மூன்றாம் இடத்தில் வந்தவரும் தகுதிபெற்றால் இரண்டாம் சுற்றில் நிற்கலாம். முந்நூறுக்கு மேற்பட்ட தொகுதிகளில் அப்படி மும்முனைப் போட்டி ஏற்பட்டிருந்தது. தீவிர வலதுசாரிக்கு அது பெரும்பான்மையைத் தந்துவிடும் என்று எல்லாரும் கணக்கிட்டார்கள். அடுத்த இரண்டு நாட்களில் இருநூறுக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் விலகினார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் இடதுசாரிகள்.

இதில் இரண்டு தொகுதிகளை மறக்க முடியாது. கல்வதோஸ் மாவட்டத்தில் எலிசபெத் போர்ன் இரண்டாமிடத்தில் நின்றார். ஓய்வூதியச் சட்டத்தை வாக்கெடுப்பின்றி நிறைவேற்றிய அதே போர்னுக்காக, மெலன்ஷோனின் அடிபணியா பிரான்ஸ் இயக்கத்தின் வேட்பாளர் விலகினார். வடக்கே ஜெரால்ட் தர்மனன் நின்றார். குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் அவர்; அங்கும் அதே இயக்கத்தின் வேட்பாளர் விலகினார். இருவரும் வென்றார்கள். அந்தத் தொகுதிகளில் வாழும் இடதுசாரி ஒருவர், ஓராண்டுக்கு முன் எவருக்கு எதிராக ஊர்வலம் போனாரோ அவருடைய பெயர் அச்சிட்ட தாளை உறையில் இட்டிருப்பார். இதைத் தியாகம் என்று நான் புகழ மாட்டேன்; கணக்குத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது. ஆனால் மறுபக்கமும் கணக்குத் தெரிந்தது போல நடந்ததா? நிதியமைச்சர் புருனோ லு மேர், அடிபணியா பிரான்ஸ் வேட்பாளருக்கு வாக்களிக்கச் சொல்ல மறுத்தார். முன்னாள் பிரதமர் எதுவார் பிலிப்பும் அதே கோட்டைக் கீறினார், தம் ஊரான லு ஆவ்ரில் மட்டும் கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கு வாக்களிப்பதாகச் சொன்னார். தேர்தலுக்குப் பின் வந்த ஆய்வுகளின்படி, மையவாதியும் தேசியப் பேரணியும் நேருக்கு நேர் நின்ற இடங்களில் இடதுசாரி வாக்காளர்களில் பத்தில் ஏழு பேர் அளவில் மையவாதிக்கு வாக்களித்தார்கள். அடிபணியா பிரான்ஸ் வேட்பாளர் நின்ற இடங்களில் மையவாத வாக்காளர்களில் பாதிப்பேர்கூட அதைச் செய்யவில்லை.

ஜூலை 7 அன்று புதிய மக்கள் முன்னணி 180ஐ ஒட்டிய இடங்களோடு முதலாவதாக வந்தது, மக்ரோன் அணி 160 சொச்சம், தேசியப் பேரணியும் கூட்டாளிகளும் 143. பெரும்பான்மைக்கு 289 வேண்டும். எவரிடமும் அது இல்லை. இடதுசாரிகள் பிரதமர் பதவிக்கு முன்மொழிந்த லூசி கஸ்தேயை மக்ரோன் ஆகத்து இறுதியில் நிராகரித்தார். செப்டம்பர் 5 அன்று, ஐம்பது இடம்கூட இல்லாத வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்த மிஷேல் பர்னியேயைப் பிரதமராக்கினார். தேசியப் பேரணியை ஆட்சியிலிருந்து தள்ளிவைக்க ஒன்றுகூடிய வாக்குகளின் மேல், தேசியப் பேரணியின் தயவில் உயிர்வாழும் அரசு அமைந்தது. டிசம்பர் 4 அன்று அந்தத் தயவு நீங்கியதும் அது விழுந்தது. இந்த அத்தியாயத்தைப் படிக்கும் எந்த இடதுசாரிக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. மிதவாதிகள் தங்கள் கடைசிப் பாதுகாப்பைத் தாங்களே அரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் அதே நாடாளுமன்றத்தில் பின்னர் நடந்ததையும் பார்க்க வேண்டும். பர்னியேக்குப் பின் வந்த பிரான்சுவா பய்ரூ 2025 செப்டம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். அடுத்து வந்த செபஸ்தியன் லுகோர்னு, சோசலிசக் கட்சி தம்மைக் கவிழ்க்காமல் இருப்பதற்கு விலையாக, ஓய்வூதியச் சட்டத்தை அடுத்த சனாதிபதித் தேர்தல் முடியும்வரை நிறுத்திவைப்பதாக அக்டோபர் 14 அன்று அறிவிக்க நேர்ந்தது. இடைநிறுத்தம்தான், நீக்கம் அன்று. அடிபணியா பிரான்ஸ் அதை ஏமாற்று என்றது, அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. இருந்தாலும் இலட்சக்கணக்கானோர் ஊர்வலம் போயும் அசையாத சட்டம், அறுபது சொச்சம் உறுப்பினர்கள் கைதூக்கப் போவதாகச் சொன்னதும் அசைந்தது. 2022இல் 77 இலட்சம் வாக்குகள் பெற்றுத் தந்தது ஓராண்டுக் குறைப்பு. இரண்டுக்கும் வித்தியாசம், சோசலிசக் கட்சியிடம் அந்த அக்டோபரில் அரசைக் கவிழ்க்கும் கை உண்மையிலேயே இருந்தது என்பதுதான். அந்த உறுப்பினர்களில் சிலர் 2024 ஜூலையில் மையவாத வேட்பாளர் விலகியதால் வென்றவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

பேரம் பேசும் இடம் நாடாளுமன்றம் என்றால், பேரத்துக்கான பலத்தைச் சேர்க்கும் இடம் முதற்சுற்று. அங்கே எங்கள் தரப்பின் நடத்தை வெட்கப்பட வேண்டியது. 2022இல் மெலன்ஷோன் லெ பென்னைவிட ஏறக்குறைய நான்கு இலட்சத்து இருபதாயிரம் வாக்குகள் பின்தங்கினார். கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளர் மட்டும் எட்டு இலட்சம் வாக்குகளை எடுத்திருந்தார். பசுமைக் கட்சியும் சோசலிசக் கட்சியும் எடுத்தது தனி. மெலன்ஷோனின் பேச்சும் நடையும் பிடிக்காமல் அவர்கள் பிரிந்து நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும், அவற்றுள் சில எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் மக்ரோனைச் சகித்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு முதற்சுற்றில் மெலன்ஷோனைச் சகித்துக்கொள்ள முடியவில்லை என்பதற்கு என்னால் மரியாதையான விளக்கம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அமெரிக்கர்களுக்கு இந்த இரண்டாம் சுற்று என்ற வசதிகூட இல்லை. 2000இல் ஃபுளோரிடாவில் புஷ் 537 வாக்குகளால் வென்றபோது பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அங்கே 97,000க்கு மேல் விழுந்திருந்தது. தங்கள் மனச்சாட்சியின் வாக்கையும் கணக்கின் வாக்கையும் ஒரே சீட்டில் இட வேண்டியவர்கள் அவர்கள். எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தரப்பட்டிருக்கின்றன. நாங்கள் முதலாவதில் மனச்சாட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டு, இரண்டாவதில் கணக்கைப் பற்றிப் புலம்புகிறோம்.

அடுத்த சனாதிபதித் தேர்தல் 2027 ஏப்ரலில். எதுவார் பிலிப் 2024 செப்டம்பரிலேயே தாம் வேட்பாளர் என்று அறிவித்துவிட்டார். தேசியப் பேரணியின் வேட்பாளருக்கு எதிரே இறுதிச் சுற்றில் அவர் நிற்கக்கூடும். அவரை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களின் பல்கலைக்கழகக் கட்டணத்தை 170 யூரோவிலிருந்து 2,770 யூரோவாக உயர்த்துவதாக 2018 நவம்பரில் அறிவித்த பிரதமர் அவர். பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளித்திராவிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் படிக்க வர நினைத்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அத்தோடு கதவு மூடியிருக்கும். 2020இல் ஓய்வூதியத்துக்காக அதே 49ஆம் பிரிவைப் பயன்படுத்தியவரும் அவரே. அப்படி ஒரு சுற்று வந்தால், அவருடைய சீட்டை எடுத்து உறையில் இடுவேன். அதற்காக அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்க மாட்டேன். அடுத்த நாளே அவர் புதிய தேசிய சபைக்குத் தேர்தல் வைத்தால், எங்கள் தொகுதியில் இடதுசாரி வேட்பாளருக்காக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போடுவேன்.

அதைவிட, அந்த நிலைக்கே போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். மெலன்ஷோனும் மிதமான இடதுசாரியான ரஃபாயேல் குளுக்ஸ்மனும் ஒரே மேடையில் ஏறப் போவதில்லை என்பதை இருவரும் பலமுறை தெளிவாக்கிவிட்டார்கள். பொதுவேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலை இருவரும் புறக்கணிக்கிறார்கள். ஆகவே வாக்காளர்கள்தான் தலைவர்கள் செய்ய மறுக்கும் வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் இடதுசாரிகளில் எவர் முன்னே நிற்கிறாரோ அவருக்கு, அவர் எவராக இருந்தாலும், என் முதற்சுற்று வாக்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். குளுக்ஸ்மன் முன்னே நின்றால் தன்னால் அது முடியாது என்கிறாள் மகள். இரண்டாம் சுற்றில் பிலிப்புக்கு வாக்களிப்பதைப் பற்றி அவளிடம் இன்னும் கேட்கவில்லை.